நுரையீரல் சளியை இளக்கும் மாத்திரை... எல்லோருக்கும் ஏன் கிடைக்கலை?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணு நோய். செல்களுக்கு வெளியே உப்பும் நீரும் சரியாக வராததால், நுரையீரல் சளி பசை மாதிரி கெட்டியாகிடும். இருமினாலும் லேசில் வராது. அதில் கிருமிகள் தங்கி நுரையீரலைக் கெடுக்கும். நெபுலைசர் வைப்பது, முதுகையும் நெஞ்சையும் தட்டிச் சளியை எடுப்பது எனத் தினமும் நேரம் போகும்.

2019-ல் அமெரிக்கா அனுமதித்த ட்ரைகாஃப்டா மாத்திரை, பெரும்பாலானோருக்குக் கோளாறான புரதத்தையே சீராக்கி, சளியை இளக்குது. சிக்கல் விலையில்தான்: அங்கே ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல்!

தயாரிப்பது வெர்டெக்ஸ் நிறுவனம். காப்புரிமை உள்ள நாடுகளில் மற்றவர்கள் மலிவாகத் தயாரித்து விற்க முடியாது. மருந்து எட்டாத வீடுகளில், பெற்றோர் இன்னமும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கிட்டுதான் இருக்காங்க.