வைனுக்கு மண்டபம், கள்ளுக்குத் தவறணையா?

கொக்குவிலில் கலியாணம் வைக்க வரும் புலம்பெயர் உறவுகள் சிலர், விருந்துக்குச் சூழலுக்கு உகந்த வைன் எதுவென்று என்னிடம் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புப் போலும். பதில் சொல்லிவிடுகிறேன்.

இயற்கை உரத்தில் விளைந்த திராட்சையாகவே இருக்கட்டும். 750 மில்லிலீற்றர் வைனைச் சுமக்கும் கண்ணாடிப் போத்தலே ஏறக்குறைய அரைக் கிலோ. அதை வார்க்க உலை எரிய வேண்டும். பின்னர் அது கடல் கடந்து வரவேண்டும். நம் பனைக்கோ நீர் இறைப்பதுமில்லை, உரமிடுவதுமில்லை. முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் சாறு தானே புளித்துக் கள்ளாகிறது. பருகுவதற்குப் பனையோலைப் பிளா இருக்கிறது.

1978இல் பனை அபிவிருத்திச் சபையே அமைந்துவிட்டது. ஆயினும் கள் மண்டபத்துக்குள் நுழைவதில்லை. வாடை என்பார்கள். அது வெறும் சாக்கு. மரமேறிச் சீவியவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய சாதித் திமிரே உண்மைக் காரணம்.

எவரையும் குடிக்குமாறு நான் சொல்லவில்லை. குடியில்லாத விருந்தே மேல். பரிமாறுவதென்று முடிவெடுத்தவர்கள் சூழலின் பெயரால் பிறநாட்டுப் போத்தலைத் தேடவேண்டாம். கள்ளுக்குச் சொல்லி வையுங்கள். சீவல் தொழிலாளிக்குப் பணத்தோடு கலியாண அழைப்பிதழும் போய்ச் சேரட்டும்.