சிறியது வண்டி மட்டுமே

வீட்டு மேசையின்மீது இருப்புப்பாதை அமைத்து, அதில் மாதிரி ரயிலை ஓடவிடுவது உலகெங்கும் பலர் விரும்பும் கலையாகும். நம் நாட்டில் புணே நகரில் இத்தகைய சிற்றுருவ ரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. எச்.ஓ. எனப்படும் அளவுமுறையில் ஒவ்வொரு பொருளும் 87இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை 16.5 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. ஆனால், அதனைச் செய்யும் கருவிகள் சுருங்குவதில்லை. கத்தியின் கூர்மையும் நெருப்பின் வெப்பமும் மின்சாரத்தின் ஆற்றலும் முழு அளவிலேயே நம்முன் நிற்கின்றன. இதனை மறந்து, 'பொம்மை வேலைதானே' என்று எண்ணுவதே காயங்களுக்கு முதற்காரணம் என்பது என் கருத்து.

அட்டையை அறுக்கும் கத்தியை எடுத்துக்கொள்வோம். மழுங்கிய கத்தியே பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய அலகை மிகுதியாக அழுத்த வேண்டியிருப்பதால், அது வழுக்கி விரலில் பாய்கிறது. கூரிய அலகைக் கொண்டு, எஃகு அளவுகோலின் ஓரமாக, மெல்லிய கீறல்கள் பல இடுவதே முறை. வெட்டும் திசையில் மறுகையின் விரல் இருத்தல் கூடாது. தண்டவாளத்தைத் துண்டிக்கும்போது சிறு உலோகத் துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கலாம். எனவே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த பின்னரே அவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

கம்பிகளை ஈயத்தால் இணைக்கும் சால்டரிங் அயர்னின் நுனி 300 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறும். அதனை எப்போதும் தாங்கியிலேயே வைக்க வேண்டும். கைதவறி விழுந்தால் பிடிக்க முயலாமல் விலகிக்கொள்ள வேண்டும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வதும், முடிந்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் கட்டாயம். மாதிரி ரயிலுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் போதும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இடையிலுள்ள மின்மாற்றியைத் திறப்பது மாணவர் வேலையன்று.

கவனத்தையும் மீறித் தீக்காயம் ஏற்பட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையோ மையோ தடவலாகாது. விரைவுப் பசையால் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். கண்ணில் துகள் பாய்ந்தால் கசக்காமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இத்தனை இடர் இருப்பின் இவ்வேலையே வேண்டா என்று தடுக்கும் பெற்றோரும் உளர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும், தடுக்கப்பட்ட கை தேர்ச்சி பெறுவதில்லை. ஒளிந்து கத்தியை எடுக்கும் பிள்ளைக்கே இடர் மிகுதி. முதலில் கத்தரிக்கோல், பின்னர் கத்தி, அதன்பின் சால்டரிங் அயர்ன் என வயதுக்கேற்பக் கொடுத்து, அருகிலிருந்து பழக்குவதே அறிவுடைமை.

உண்மை ரயிலில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சமிக்ஞையையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லி உறுதி செய்துகொள்கின்றனர். பலமுறை சென்ற பாதையாயினும் இவ்வழக்கத்தை அவர்கள் விடுவதில்லை. ரயிலின் வண்ணத்தையும் வடிவத்தையும் வியந்து அவ்வாறே செய்ய விழையும் நாம், அந்த ஒழுங்கையும் சேர்த்தே மேற்கொள்ள வேண்டும். அதனை மட்டும் 87இல் ஒரு பங்காகக் குறைத்தல் தகாது.