ஐந்து காலடிகள்

ஒலிபரப்பில் மூன்று நொடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அந்தப் பயத்தைப் பாலைவனத்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். அதுதான் வினை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. அதில் நீடல்ஸ் என்ற பகுதி முழுக்க சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஊசிப் பாறைகள். பார்த்ததும் கோயில் மதில்தான் ஞாபகம் வந்தது. அங்கே எலிஃபண்ட் கேனியன் என்ற பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் நிற்கிறது ட்ரூயிட் ஆர்ச். மனிதக் கை படாமல், தானாகவே உருவான பாறை வளைவு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் போல் இருப்பதால் அந்தப் பெயர். போய்த் திரும்ப 17 கிலோமீட்டர். வழியில் தண்ணீரை நம்ப முடியாது. ஆளுக்கு 4 லிட்டர் சுமந்துகொண்டு, ஓர் அக்டோபர் காலையில் நானும் அண்ணனும் புறப்பட்டோம். அண்ணனுக்கு கொலராடோவில் வேலை, பேச்சு கொஞ்சம். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

நம்மூரில் பத்து மலைப் படி ஏறினாலே சட்டை ஒட்டிக்கொள்ளும். அங்கே வியர்ப்பதே தெரியாது. வந்தவுடன் காய்ந்துவிடுகிறது. தாகம் எடுக்கவில்லையே என்று இருந்தால் தலைவலிதான் முதலில் வந்து சொல்லும்.

வெறும் பாறையிலும் மணலிலும் பாதை எங்கே தெரியும்? சின்னச் சின்னக் கற்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஒரு குவியலிலிருந்து அடுத்ததைக் கண்ணால் தேடிப் பிடித்து நடக்க வேண்டும். "நீ முன்னால போ, கல்லைப் பார்த்துக்கிட்டே போ" என்றார் அண்ணன். நான் ஒரு நேயரின் அழைப்பு நேரலையில் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லிக்கொண்டே போனேன்.

கதை முடிந்தபோது அண்ணன் கேட்டார்: "கடைசியாக் கல்லை எப்ப பார்த்தே?"

அன்று நான் வாயை மூடியது அப்போதுதான்.

இரண்டு பக்கமும் சுவர். ஏதோ ஒரு கிளைப் பள்ளத்துக்குள் வந்திருந்தோம். பதற்றத்தில், மேட்டில் பாதை மாதிரி ஒன்று தெரிந்ததென்று விறுவிறுவென ஏறி நடந்தேன்.

"அசையாதேம்மா!"

பாம்பு என்றுதான் நினைத்தேன். அண்ணன் என் காலடியைக் காட்டினார். அடிப்பிடித்த சோறு போல, கறுப்பாக, முண்டும் முடிச்சுமான மண். அது உயிருள்ள மண். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலை இழுத்துப் பிடித்துக் கட்டிய மெல்லிய தோல். காற்று மண்ணை அள்ளிப் போகாமல் காப்பதும், மழை ஈரத்தைப் பிடித்து வைப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் தேடிக் கொடுப்பதும் அதுதான். ஒரு முறை மிதித்தால் ஆறப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். பூங்கா வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தது. நான் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அதே காலடிகளில் கால் வைத்துத் திரும்பி வந்தேன். ஐந்து.

பிறகு மணலில் எங்கள் தடத்தையே பிடித்துக்கொண்டு 25 நிமிடம் பின்னால் நடந்தோம். தவறவிட்ட குவியல் கணுக்கால் உயரம்தான். தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. ஒரு மணிக்குள் ஏணியை எட்டாவிட்டால் வளைவைப் பார்க்காமலே திரும்புவது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டியபோது 12.40. ஏணிக்கு மேல் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினால், நெட்டைத் திறப்புகளோடு வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது அது. நிகழ்ச்சிக்கென்று ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தேன். காற்று மட்டும் பதிவானது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அந்தக் கிளைப் பள்ளத்தின் வாயில் நின்றேன்.

"என் காலடியைப் பார்த்துட்டு, வழின்னு நினைச்சு யாராவது ஏறிட்டா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை பூங்கா அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த பெண் வரைபடத்தை விரித்து, இடத்தைக் குறிக்கச் சொல்லிப் பேனாவை நீட்டினார். குறித்தேன்.

"எத்தனை அடி நடந்தீர்கள்?"

"ஐந்து" என்றேன். எழுதிக்கொண்டார்.