"பண்டிகை நாள்தானே" என்று சொல்கிறவர்களுக்கு

மக்களே, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள். முப்பத்திரண்டு வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவளுக்கு அது புதிதில்லை.

போன மாதம் வயிற்றுவலி என்று என் பேரனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். வயது பத்து. (அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) டாக்டர் மாத்திரை எதுவும் தரவில்லை. இனிப்புப் பானங்களை நிறுத்துங்கள், தினமும் ஓடி விளையாட விடுங்கள் என்றார். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வந்த பதில்: "இப்போ லீவு, கிறிஸ்துமஸ் வேற. ஜனவரிக்கு மேல பாத்துக்கலாம் அத்தை. பண்டிகை நாள்தானே!"

அந்தப் "பண்டிகை நாள்தானே"யோடுதான் என் சண்டை.

ஒரு நாள் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். 25-ஆம் தேதி கேக்கும் பிரியாணியும் சாப்பிட்டு யாரும் கெட்டுப்போனதில்லை. ஆனால் நம் வீடுகளில் டிசம்பர் பிறந்ததுமே கேரல், ஆபீஸ் பார்ட்டி, ஞாயிறுபள்ளி விழா. அப்புறம் அரையாண்டு லீவு, புத்தாண்டு, பொங்கல் வரை இழுக்கிறது. லெந்து நாட்களே நாற்பதுதான். அதைவிட நீளமாகிவிட்டது நம் கிறிஸ்துமஸ்.

வாங்கி வைத்திருக்கும் கோலா பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. 250 மில்லி டம்ளரில் 25 கிராம். சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. பெரியவர்களுக்கே அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம்தான். பிள்ளை ஒரே டம்ளரில் அதை முடித்துவிட்டான். கேக் இன்னும் வரவில்லை.

"முந்திரிக்கொத்தும் இனிப்புதானே, எண்ணெயில பொரிச்சதுதானே டீச்சர்?" என்று ஒருத்தி போனில் கேட்டாள். முன் பெஞ்சுக்காரி, அப்படித்தான் கேட்பாள். இனிப்புதான், பொரித்ததுதான். கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் சர்க்கரையே. என் வாதம் வேறு. சிறுபயறை வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, தேங்காயும் எள்ளும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்து எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அப்படி உழைத்தவள் எண்ணித்தான் தட்டில் வைப்பாள். பாதி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். போனைத் தட்டினால் வாசலுக்கு வருகிற பெட்டிக்கு எண்ணிக்கை ஏது?

வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரம் எங்கே என்பீர்கள். சரி, ஏழு வகைப் பலகாரம் யார் கேட்டது? ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஆனால் வீட்டில் எல்லாரும் உட்காருங்கள். அம்மாவும் அத்தைமாரும் அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, மாமாமார் திண்ணையில் சீட்டாடிய காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மாவு உருட்ட மீசை தடையில்லை.

என் மேலும் தப்பு உண்டு. "எண்ணெய் தெறிக்கும், அங்க போ" என்று என் பிள்ளைகளை அடுப்படியிலிருந்து விரட்டியவள் நான். நல்ல மார்க் எடுத்தவனுக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்கியவளும் நான்தான்.

பிள்ளைகள் லீவில் போனை விட மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்புகிறீர்களே, அதற்குப் பதிலாக என்ன கொடுத்தீர்கள்? நாங்கள் மூங்கில் பிளந்து ஸ்டார் கட்டினோம். குடிலுக்கு வைக்கோல் தேடி வயல் வயலாக அலைந்தோம். கேரல் பாடிக்கொண்டு விடிய விடிய நடந்தோம், நடுவில் சுக்குக்காப்பி. இப்போது ஸ்டாரும் குடிலும் கடையில் கிடைக்கின்றன, கேரல் வேனில் போகிறது. வேலையையும் நடையையும் நாமே பிடுங்கிக்கொண்டு பிள்ளையைக் குறை சொன்னால் எப்படி?

இந்த வருடம் எங்கள் வீட்டில் கோலா கிடையாது. எலுமிச்சைத் தண்ணீரும் மோரும் உண்டு. 22-ஆம் தேதி சாயங்காலம் முற்றத்தில் பாய் விரித்து முந்திரிக்கொத்து உருட்டுகிறோம். பயறு வறுப்பது பேரன், அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வருகிறவர்கள் கேக் பெட்டி கொண்டு வர வேண்டாம், வந்தால் வாசலிலேயே நிற்க வைப்பேன். மூங்கில் பிளக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் சொல்லுங்கள். வெட்டுக்கத்தி இருக்கிறது, ஆள்தான் இல்லை.