எத்தனை கூரை, எத்தனை அடுப்பு?

2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு நாடு முழுவதும் வீடற்றவர்கள் எண்ணப்பட்டார்கள். நடைபாதை, ரயில் நிலைய மேடை, பாலத்தடி, மாடிப்படியின் கீழ்ப்புறம், பெரிய சிமெண்டுக் குழாய், கோயில் மண்டபம் என்று மக்கள் படுத்துக் கிடந்த இடங்களுக்குப் போய் விவரம் கேட்டு எழுதினார்கள். கணக்கு முடிந்தபோது இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்றார்கள். தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். அவர்களிலும் பெரும்பகுதி நகரத்து ஆட்கள்.

அந்த இரவில் தெருத்தெருவாக நடந்த ஆசிரியர்களையும் ஊழியர்களையும் நாம் குறை சொல்லவில்லை. அவர்களிடம் கொடுக்கப்பட்ட அளவுகோலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டடமோ கொட்டகையோ ஏதோ ஒன்றுக்குள் வசிக்கிறவர் வீடுள்ளவர். திறந்த வெளியில் கிடக்கிறவர் மட்டுமே வீடற்றவர். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்தால் வீடற்றவர் யாரும் கண்ணில் படமாட்டார். கிராமத்தில் நடைபாதை ஏது, மேம்பாலம் ஏது?

நம் திருவாரூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டிலேயே பட்டியல் சாதி மக்களின் விகிதம் அதிகமுள்ள மாவட்டம் இது. நூற்றுக்கு 34 பேர். இங்கே எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் முதலில் தெரிவது தொகுப்பு வீடுதான். ஒரு அறை, ஒரு தாழ்வாரம், பெயர்ந்து விழும் காங்கிரீட்டில் துருப்பிடித்த கம்பி. ஒதுக்கீடு தாத்தா பெயரில் இருக்கும். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் ஒருவர் அறையில், ஒருவர் தாழ்வாரத்தில் தார்ப்பாய் கட்டி, மூன்றாமவர் பக்கத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு. அடுப்பு மூன்று எரியும். அரசின் பார்வையில் இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே வீடு கொடுத்தாகிவிட்டது.

இதை அளக்க வழியில்லாமல் இல்லை. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட மத்திய அரசு அமிதாப் குண்டு தலைமையில் ஒரு வல்லுநர் குழுவை வைத்தது. 2012இல் அது தந்த கணக்கில் பற்றாக்குறை 1.88 கோடி வீடுகள். அதில் தெருவில் கிடப்பவர்களுக்கு வேண்டியது 5.3 லட்சம்தான். ஏறத்தாழ 1.5 கோடி, நெரிசல் என்ற ஒரே காரணத்தால் வந்தது. மணமான தம்பதிக்குத் தனி அறை இல்லையென்றால் அது பற்றாக்குறை என்று அந்தக் குழு வரையறுத்தது. கண்ணுக்குத் தெரிகிற வீடின்மையைப் போல் கிட்டத்தட்ட 28 மடங்கு, சுவருக்குள் மறைந்து கிடந்தது. நகரத்துத் தம்பதிக்குப் பொருந்துகிற இந்த அளவுகோல் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்துக் காலனித் தம்பதிக்கு மட்டும் ஏன் பொருந்தக்கூடாது?

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்கிறது. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதற்காகக் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் குடிசையில் இருக்க வேண்டும், மனைக்குப் பட்டாவும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். விழப்போகிற தொகுப்பு வீட்டில் மூன்று குடும்பம் இருந்தால் அது குடிசை ஆகாது. குடிசையில் இருக்கிறவருக்கோ பல ஊர்களில் பட்டா இருக்காது.

பட்டா ஏன் இல்லை என்பது இந்த மண்ணில் பழைய கதை. பண்ணையாள் குடியிருந்த மனை மிராசுதாருடையதாக இருந்தது. கூலி கேட்டால் மனையைக் காலி செய் என்று சொல்ல முடிந்தது. குடியிருப்பவருக்கே மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது 1971இல், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன பிறகு. அந்தச் சட்டத்தால் பலர் மனைக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். கோயில் அடிமனையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து மனைப்பட்டா வழங்கிய ஊர்களிலும், தாள் கையில் இருக்கும், மனை எது என்று அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறவரை வீடுள்ளவர் பட்டியலில் வைப்பதா, இல்லாதவர் பட்டியலில் வைப்பதா?

இதில் எந்தப் பட்டியலுக்குள்ளும் வராதவர்கள் இளைஞர்கள். காலனியில் பத்தொன்பது வயதுப் பையன் இரவு எங்கே படுக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட வராந்தா, சமுதாயக் கூடத் திண்ணை, மதகு, நண்பன் வீட்டு மொட்டை மாடி என்று பதில் வரும். அண்ணனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வெளியே படுக்கிறான். சாப்பாடு வீட்டில், துணிமணி வீட்டில், குடும்ப அட்டையில் பெயரும் உண்டு. அதனால் அவனை வீடற்றவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவனும் சொல்லிக்கொள்ள மாட்டான். மழைக்காலத்தில் தேர்வு வந்தால் எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதுதான் அவன் கவலை.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் இன்னொரு கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விடுதியை நிறுவனக் குடும்பம் என்று எழுதிக்கொள்வார்கள். கோடை விடுமுறைக்கு விடுதியைப் பூட்டியதும் அந்த மாணவர் திரும்பிப் போகிற வீட்டில் பாய் விரிக்க இடம் உண்டா என்பது அந்தப் படிவத்தில் இல்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன் பத்துப் பேரோடு ஒரே அறையில் முறைவைத்துத் தூங்குகிறான். சென்னையில் கட்டட வேலைக்குப் போனவன் அந்தக் கட்டடத்துப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் கிடக்கிறான். கொட்டகைக்குக் கூரை இருக்கிறது, ஆகவே அவனும் வீடுள்ளவன்!

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிட மறைவானது. அவர்கள் வெளியே போய்ப் படுக்க முடியாது. அடுப்பு ஓரத்தில், தாழ்வாரத்து மறைப்பில், அத்தை வீட்டில் என்று ஒண்டிக்கொள்கிறார்கள். எந்த இரவில் போய் எண்ணினாலும் அவர்கள் கூரைக்கு அடியில்தான் இருப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தனி இடமில்லை என்பதே சீக்கிரம் கல்யாணம் பேசுவதற்குக் காரணமாகிவிடுவதையும் நாம் பார்க்கிறோம்.

சாதி கடந்து மணந்துகொண்டு ஊரைவிட்டு ஓடும் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இரண்டு வீட்டுக் கதவும் மூடிய பிறகு அவர்கள் ஊர் ஊராக, நண்பர் வீடு நண்பர் வீடாக அலைகிறார்கள். மாவட்டத் தலைநகரங்களில் இப்படிப்பட்ட தம்பதியருக்குப் பாதுகாப்பு இல்லம் ஏற்படுத்துவது பற்றி 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை அறை வேண்டும் என்பதற்காவது எத்தனை பேர் என்று எண்ண வேண்டாமா?

எண்ணிக்கை என்பது நம் மக்களுக்கு வெறும் புள்ளிவிவரமாக எப்போதும் இருந்ததில்லை. 1932இல் லோதியன் குழுவில் அண்ணல் அம்பேத்கர் வாதாட வேண்டியிருந்தது இதைப் பற்றித்தான். அதுவரை கோடிக்கு மேல் எண்ணப்பட்ட ஐக்கிய மாகாணத்துத் தீண்டத்தகாதவர்களைச் சில லட்சம் என்று சுருக்கிக் காட்டினார்கள். வாக்குரிமையும் இடங்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிடைக்கும் என்பது சுருக்கியவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்று வீட்டுக்கு நிதி ஒதுக்குவதும் எண்ணைப் பார்த்துத்தான். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் இரவுக் காப்பகம் என்ற விதியாவது இருக்கிறது. கிராமத்துக்கு அப்படி ஒரு விதி எழுதப்படாததற்குக் காரணம், எழுதுவதற்கு ஆதாரமாக ஒரு எண் இல்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்போது 2027 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்கட்டமாக 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வீட்டுப்பட்டியல் எடுப்பு. இதில் வீட்டில் எத்தனை அறை, மணமான தம்பதியர் எத்தனை, குடும்பத் தலைவர் பட்டியல் சாதியா என்ற கேள்விகள் உண்டு. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் இலக்கணம். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வாசலில் நின்று கேட்பவரிடம், “எல்லாம் ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம்” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மூன்று அடுப்பு ஒன்றாகிவிடுகிறது. அடுப்பு தனி என்றால் தனி என்றே சொல்லுங்கள். புறம்போக்கில் இருக்கிறோம், உண்மையைச் சொன்னால் காலி செய்துவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அந்தப் படிவத்தை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது; சாட்சியமாகவும் நீதிமன்றத்தில் வைக்க முடியாது.

அரசின் கணக்கு வரும்வரை காத்திருக்கவும் அவசியமில்லை. ஒரு காலனியில் நாலு மாணவர்கள் சேர்ந்தால் இரண்டு நாள் வேலை. நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டுக்கு வீடு எத்தனை அறை, எத்தனை அடுப்பு, எத்தனை தம்பதி, நேற்று இரவு வீட்டுக்கு வெளியே படுத்தவர் யார், அவர் வயது என்ன, மனை யாருடையது, பட்டா உண்டா, உண்டென்றால் அளந்து காட்டினார்களா என்று எழுதுங்கள். “நேற்று இரவு” என்று குறிப்பாகக் கேட்பது முக்கியம். பொதுவாகக் கேட்டால் வீட்டில்தான் படுக்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெளியூர் போனவர் பெயரையும் விடாதீர்கள், அவர் அங்கே எதில் தங்கியிருக்கிறார் என்றும் கேளுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். ஓடிப்போன தம்பதியைப் பற்றி மட்டும் பெயரும் இடமும் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அடுத்து வருகிற கிராமசபையில் இந்த நோட்டை வாசித்து, அந்த எண்களோடு தீர்மானம் போடச் சொல்லுங்கள்; தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்து போடுங்கள். ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்று, திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேரட்டும். அசல் நோட்டு தெருவிலேயே இருக்கட்டும்.