ப்ளூஸ் இசையும் நமது ‘அசல்’ மோகமும்

ப்ளூஸ் இசையைத் தேடிக் கேட்பவர்கள் நம்மிடையே மிகச் சிலர். அச்சிலருள்ளும் பெரும்பாலோர் 1930களின் கீறல் விழுந்த ஒலிப்பதிவுகளில் தொடங்கி 1960களின் நடுவில் நிறுத்திக்கொள்கிறவர்கள். சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ், ராபர்ட் ஜான்சன். பிறகு சிகாகோ சென்ற மடி வாட்டர்ஸ், ஹவுலிங் வுல்ஃப். அத்துடன் கதவைச் சாத்திவிடுகிறோம். பின்னால் வந்தவை எல்லாம் நகல் என்பது நம் எண்ணம். நாமும் நெடுநாள் அவ்வாறு எண்ணியிருந்தவர்களே. கடந்த சில ஆண்டுகளில் சிறு நிறுவனங்கள் வழியாகவும் சொந்தப் பொறுப்பிலும் ப்ளூஸ் கலைஞர்கள் வெளியிட்டிருக்கும் இசைத்தொகுப்புகளைக் கேட்கக் கேட்க, அந்த எண்ணம் அறியாமை மட்டுமன்று, பாடுகிறவர்களுக்கு இழைக்கப்படும் ஒருவகை அநீதியும் ஆகும் என்று தோன்றத் தொடங்கியது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

செட்ரிக் பர்ன்சைடின் ‘ஐ பி ட்ரையிங்’ (2021) தொகுப்பிலிருந்து தொடங்கலாம். மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதிக் குன்றுப்புறத்துக்கு உரிய ப்ளூஸ் இது. ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு தாளக்கட்டு, மூன்று அடி. முதலடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் விடை சொல்லி முடிப்பது என்றுதான் அறிமுக நூல்கள் சொல்லும். குன்றுப்புறத்தார் இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்கள். ஒரே சுரக்கூட்டின் மீது கிட்டார் நின்று சுழலும். தாளம் முன்னே தள்ளிக்கொண்டே போகும். பாட்டு எங்கே முடிய வேண்டும் என்பதைப் பாடுகிறவரும் ஆடுகிறவர்களும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். செட்ரிக்கின் தாத்தா ஆர்.எல். பர்ன்சைடு (1926–2005) இம்மரபின் பெரும் பெயர்களுள் ஒருவர். பதின்மூன்று வயதிலேயே தாத்தாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர் பேரன். ஆகவே செட்ரிக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறார்கள். இதோ, நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

தாத்தாவை மறந்துவிட்டு அத்தொகுப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மெம்பிஸ் நகரின் ராயல் ஸ்டூடியோவில், அதாவது 1970களில் அல் கிரீனின் சோல் பாடல்கள் பதிவான அதே இடத்தில் பதிவானது இது. அந்த இடத்தின் மென்மை இதிலும் இறங்கியிருக்கிறது. குரல் எங்கும் உரக்கவில்லை. தலைப்புப் பாடலில் அவருடைய மகள் உடன் பாடுகிறார். குடித்தேன், அடித்தேன், ஓடினேன் என்ற முரட்டு வீரத்தின் பாட்டன்று அது. முயன்றுகொண்டே இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் நடுவயது ஆடவர் ஒருவரின் பாட்டு. அலபாமாவின் ஃப்ளாரன்ஸ் நகரிலுள்ள சிங்கிள் லாக் என்னும் சிறிய நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பு, 2022இல் மரபு ப்ளூஸ் பிரிவில் கிராமி விருதும் பெற்றது. விருது கிடைத்ததால் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘மரபு’ என்ற அடைமொழியின் கீழ் இவ்வளவு புதிய ஒரு மனநிலை அமர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும் என்கிறோம்.

‘அசல்’ மோகம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் கறுப்பின இசையின் வரலாற்றைக் காட்டுவதற்காக ஒரு நிகழ்ச்சி நடந்தது. ராபர்ட் ஜான்சனை அழைக்க எண்ணினார்கள். அவர் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோயிருந்தார். அவருக்குப் பதிலாக மேடையேறியவர் பிக் பில் புரூன்சி. பல்லாண்டுகளாகச் சிகாகோவில் வாழ்ந்து, இசைக்குழுவோடு நகரத்துப் பாடல்களைப் பதிவு செய்துவந்த அந்த மனிதரை, வயற்காட்டிலிருந்து நேரே வந்த குடியானவர் என்ற கோலத்தில் அவையின் முன் நிறுத்தினார்கள். 1950களில் ஐரோப்பாவுக்குச் சென்றபோதும் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது அந்தக் கோலம்தான். அவரும் அதையே கொடுத்தார். வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா? ராபர்ட் ஜான்சனோ, வானொலியில் வந்த ஜனரஞ்சகப் பாடல்களையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் பாடக்கூடியவர் என்று அவரோடு வழிநடந்த ஜானி ஷைன்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். 1936, 1937 ஆகிய ஈராண்டுகளில் பதிவான 29 பாடல்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு நாம் நாற்சந்தியில் சாத்தானைச் சந்தித்த ஒரு தனியனைக் கட்டியெழுப்பிவிட்டோம். தெருவில் கூட்டம் கேட்டதையெல்லாம் பாடிப் பிழைத்த ஓர் இளைஞர் அந்தக் கட்டடத்துக்குள் எங்கோ புதைந்துபோனார்.

இங்கே நம்முடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுவது முறை. முதுகலை பயின்ற காலத்தில் நாட்டார் பாடல் சேகரிப்புக்காக ஒரு சிற்றூருக்குச் சென்றோம். ஒப்பாரி பாடுவதில் பெயர்பெற்ற ஒரு மூதாட்டி சலிக்காமல் பாடிக்கொண்டிருந்தார். இடையில், தாமே கட்டியது என்று சொல்லி ஒரு பாட்டை எடுத்தார். மெட்டு ஒரு திரைப்படப் பாடலின் மெட்டு. நாம் டேப்பை நிறுத்தினோம். ‘பழசு இருந்தா பாடுங்க ஆத்தா’ என்றோம். அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்துவிட்டுப் பழையதையே பாடினார். ஒலிநாடா வீணாகக் கூடாது என்பது அன்று நமக்கு நியாயமாகப் பட்டது. அந்த நாடாவில் உள்ளவற்றைப் போன்ற பாடல்கள் எத்தனையோ தொகுப்புகளில் அச்சாகியிருக்கின்றன. நிறுத்திய பாட்டு மட்டும் எங்கும் இல்லை. ப்ளூஸ் ஆர்வலர்களின் மோகத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு இதுவே நம் விடை.

மிசிசிப்பிக்குத் திரும்புவோம். 1991இல் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் பல்கலைக்கழக நகரில் தொடங்கப்பட்ட ஃபேட் பாசம் நிறுவனத்தைக் குறிப்பிடாமல் குன்றுப்புற ப்ளூஸின் கதையைச் சொல்ல இயலாது. ஆர்.எல். பர்ன்சைடும் ஜூனியர் கிம்ப்ரோவும் உலகுக்குத் தெரியவந்தது அதன் வழியாகத்தான். சுலஹோமாவில் கிம்ப்ரோ நடத்திவந்த ஆட்டமும் குடியும் நிறைந்த கூடத்திலேயே ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, எழுத்தாளர் ராபர்ட் பாமர் ‘ஆல் நைட் லாங்’ (1992) தொகுப்பைப் பதிவு செய்தார். கிம்ப்ரோ 1998இல் மறைந்தார். கூடம் 2000இல் தீக்கிரையாயிற்று. அந்தச் சுவர்களின் ஒலி இன்று அத்தகைய தட்டுகளில்தான் இருக்கிறது. இது பெரும் தொண்டு. ஆயினும் அக்கலைஞர்களை விற்பதற்கு அந்நிறுவனம் கையாண்ட விளம்பரம் குடியையும் முரட்டுத்தனத்தையுமே முன்னிறுத்தியது. வெள்ளைக் கல்லூரி மாணவர்களின் வரவேற்பறைக்கு அபாயமான கிழவர்களை அனுப்பிவைக்கும் வணிகம் என்று நமக்கு அது தோன்றுவதுண்டு. கிம்ப்ரோவின் கிட்டாரில் சுற்றிச் சுற்றி வரும் அந்த மயக்கத்தை, தியானத்துக்கு அருகில் நிற்கும் அந்த அமைதியை, எந்த விளம்பரம் சொன்னது?

அதே ஃபேட் பாசம் 2021இல் பஃபலோ நிக்கல்ஸ் என்ற இளைஞரின் முதல் தொகுப்பை வெளியிட்டது. மில்வாக்கி நகரில் வளர்ந்தவர். பருத்திக் காட்டுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முதல் தொகுப்பில் கிட்டாரும் குரலுமாக அடக்கமாக நின்றவர், 2023இல் வந்த ‘தி ஃபேட்டலிஸ்ட்’ தொகுப்பில் மின்னணு டிரம் ஒலிகளைச் சேர்த்தார். சார்லி பேட்டனின் பழைய ஒலிப்பதிவிலிருந்து துண்டுகளை நறுக்கி உள்ளே வைத்தார். தூய்மைவாதிகளுக்கு இது பிடிக்காது. நமக்கும் எல்லாப் பாடல்களும் பிடித்தன என்று சொல்ல முடியாது; ஓரிரு இடங்களில் இயந்திரத் தாளம் குரலை விழுங்கிவிடுகிறது. ஆனால் பேட்டனை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, இன்றைய தெருவின் இரைச்சலுக்கு நடுவில் நிறுத்திய துணிவு இருக்கிறதே, அது நூறு பயபக்தியான மறுபதிப்புகளுக்குச் சமம்.

இந்த வாதம் நம்மையே திருப்பிக் கேட்கும் இடமும் ஒன்று உண்டு. ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸ், 1947இல் பிறந்தவர். பென்டோனியா என்னும் சிற்றூரில் அவருடைய பெற்றோர் 1948இல் தொடங்கிய ப்ளூ ஃப்ரன்ட் கஃபே என்ற சிறிய கடையை அவரே தொடர்ந்து நடத்திவருகிறவர். பென்டோனியாக்காரர்களுக்கென்று கிட்டாரைச் சுதி சேர்க்கும் தனி முறை உண்டு. தந்திகளைச் சும்மா மீட்டினாலே துயரம் தோய்ந்த ஒலி எழும். 1931இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊருக்குச் சென்று பதிவு செய்த ஸ்கிப் ஜேம்ஸ் அம்முறையில் வாசித்தவர். ஹென்றி ஸ்டக்கி என்ற, ஒருபோதும் ஒலிப்பதிவு செய்யப்படாத ஒரு மனிதரிடம் ஜேம்ஸும் கற்றார், ஹோம்ஸும் கற்றார். ஹோம்ஸின் ‘பேக் டு பென்டோனியா’ (2006) ஒரு மிகச் சிறிய நிறுவனத்தின் வெளியீடு. 2019இல் வந்த ‘சைப்ரஸ் குரோவ்’ தொகுப்போ, தி பிளாக் கீஸ் குழுவைச் சேர்ந்த டான் ஆவர்பாக்கின் ஈஸி ஐ சவுண்ட் நிறுவனத்துக்காக நாஷ்வில்லில் பக்கவாத்தியங்களோடு பதிவானது. கிராமி பரிந்துரையும் பெற்றது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, நம் மனம் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பின் பக்கமே சாய்ந்தது. ஹோம்ஸ் தாளத்தை எண்ணி வாசிக்கிறவர் அல்லர். மூச்சு முடியும் இடத்தில் அடி முடியும். சில வேளை ஒரு கட்டு கூடும், சில வேளை குறையும். பின்னால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் காத்திருக்கும்போது அந்தச் சுதந்திரம் சற்றே சுருங்குகிறது. இது ரசனையா, அல்லது தனித்த கிழவர், தனித்த கிட்டார் என்ற பழைய மோகம் நம்மிடம் இன்னும் ஒளிந்திருக்கிறதா? உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுபதைக் கடந்த ஒரு மனிதர் நல்ல ஸ்டூடியோவில், நல்ல துணைவர்களோடு வாசிக்க விரும்பினால், அது அவருடைய உரிமை. கடைவாசலில் உட்கார்ந்தே பாட வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிட நாம் யார்?

உரிமை என்ற சொல் வந்துவிட்டதால் பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். கிராஃப்டனில் ஸ்கிப் ஜேம்ஸைப் பதிவு செய்த பாரமவுண்ட், ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் துணை வணிகம். இசைப்பெட்டிகளுக்கு மரக்கூடு செய்தவர்கள், பெட்டி விற்க வேண்டும் என்பதற்காகத் தட்டும் வெளியிட்டார்கள். பொருளாதார மந்தத்தில் ஜேம்ஸின் தட்டுகள் விற்கவில்லை. அவர் இசையை விட்டு விலகிப்போனார். 1964இல் ஒரு மருத்துவமனைப் படுக்கையில்தான் ஆர்வலர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு பாபி ரஷ்ஷைப் பார்க்க வேண்டும். 1933இல் லூசியானாவில் பிறந்தவர். கறுப்பின மக்களின் கேளிக்கை அரங்குகளில் பல பத்தாண்டுகள் ஆடிப் பாடியவர். முதல் கிராமி 2017இல், எண்பத்து மூன்றாம் வயதில் வந்தது. பிறகு, டீப் ரஷ் என்னும் தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் ‘ராவர் தன் ரா’ (2020) தொகுப்பை வெளியிட்டார். கிட்டார், ஹார்மோனிக்கா, தரையில் தட்டும் கால், அவ்வளவே. 2021இல் மரபு ப்ளூஸ் விருதை அது பெற்றது. அந்த ஆண்டு அதே பட்டியலில் இருந்ததுதான் ஹோம்ஸின் ‘சைப்ரஸ் குரோவ்’. ஆளில்லாத தனி ஒலியைத் தம் விருப்பத்தால், தம் செலவில், தம் பெயரில் தேர்ந்தெடுப்பதும், பிறர் எதிர்பார்ப்புக்காக அந்தக் கோலம் பூணுவதும் ஒன்றல்ல. புரூன்சிக்குக் கிடைக்காதது ரஷ்ஷுக்குக் கிடைத்தது.

எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ராயல்டி தருவதில்லை. பெரிய நட்சத்திரத்துக்கு 1000 என்பது ஒரு கணக்கே அன்று. ஜார்ஜியாவின் ஒரு சிற்றூரில் சொந்தமாகப் பாடல் கட்டும் ஒருவருக்கு அது வாசலிலேயே எழுப்பிய மதில். பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக விலைகொடுத்து வாங்கினால், மின்வடிவத் தொகுப்புக்கு 15 விழுக்காடு தளத்தின் பங்கு போக, பணம் செலுத்தும் கட்டணமும் போக, எஞ்சியது வெளியிட்டவரைச் சேர்கிறது. அந்தத் தளமும் 2022இல் ஒரு கை, 2023இல் இன்னொரு கை என்று மாறியிருக்கிறது. நாளை என்ன ஆகும் என்று யார் கண்டார்? எனினும் இப்போதைக்கு அது ஒரு வழி. மாதந்தோறும் புத்தகத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்புவதில் தவறில்லை என்று நண்பர்களிடம் சொல்லிவருகிறோம். சிலர் சிரிக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். ஜார்ஜியாவின் ஜான்டேவியஸ் வில்லிஸ், 1996இல் பிறந்தவர். மடி வாட்டர்ஸ் பாடும் பழைய படத்துண்டு ஒன்றை யூட்யூபில் பார்த்துப் பதினான்கு வயதில் இந்த இசைக்குள் வந்தவர்; அவருடைய ‘வெஸ்ட் ஜார்ஜியா ப்ளூஸ்’ 2024இல் வெளிவந்தது. இன்னொருவர் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜெரோன் பாக்ஸ்டன். பான்ஜோ, ஃபிடில், பியானோ, ஹார்மோனிக்கா, கிட்டார் என எதை எடுத்தாலும் நூறாண்டுக்கு முந்தைய பாடல்களை நேற்றுக் கேட்டவர்போல் வாசிக்கிறவர் என்பதே அவருக்கு நெடுநாள் இருந்த புகழ். 2024இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியிட்ட ‘திங்ஸ் டன் சேஞ்ச்டு’ தொகுப்பில் அவர் ஒரு பழைய பாட்டும் பாடவில்லை. அனைத்தும் அவரே கட்டியவை. லெட்பெல்லியின் குரலைக் காத்துவைத்திருக்கும் அந்த ஆவணக்களஞ்சியமே, பழையதைப் பாடுங்கள் என்று கேட்காமல், அவர் பாடியதைப் பதிவு செய்திருக்கிறது.