60, 62, 64... மடக்குக் கத்தியில் இந்த எண்ணுக்குத்தான் இவ்வளவு விலையா?

2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், சிராக்யூஸ் நகரை ஒட்டி இயங்கிவந்த க்ரூசிபிள் இண்டஸ்ட்ரீஸ் என்ற உருக்காலை திவால் மனு போட்டது. 2009-லும் ஒருமுறை திவாலாகி, கைமாறி, எழுந்து வந்த ஆலைதான். இந்த முறை எழவில்லை. பங்குச் சந்தைக்கு இது செய்தியே இல்லை. ஆனால், விலை உயர்ந்த மடக்குக் கத்திகளை வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்களின் கத்திகளில் பொறித்திருக்கும் எஸ்30வி, எஸ்35விஎன், மேக்னாகட் எல்லாமே அந்த ஒரே ஆலையில் பிறந்த ஸ்டீல்கள்.

2025-ல் இந்த ஸ்டீல்களுக்கான உரிமை பிரான்ஸைச் சேர்ந்த எராஸ்டீல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் பவுடர் ஸ்டீல் ஆலை இருப்பது ஸ்வீடனில். உடனே ஒரு கேள்வி கிளம்பியது: ஸ்வீடனில் உருகும் மேக்னாகட், பழைய மேக்னாகட் மாதிரியே வெட்டுமா?

நியாயமான கேள்விதான். ஆனா, கத்தி எப்படி வெட்டுகிறது என்று பார்த்தால், கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

அந்த ஸ்டீலில் அப்படி என்ன இருக்கு?

உருகிய ஸ்டீலை நைட்ரஜன் வாயுவால் பீய்ச்சி, மாவு போன்ற துகள்களாக்கி, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் கட்டியாக்குவது க்ரூசிபிளின் முறை. இதற்கு சி.பி.எம். என்று பெயர். சாதாரணமாக வார்த்தால் ஸ்டீலுக்குள் கார்பைடு என்னும் கடினமான துகள்கள் பெரிதுபெரிதாகத் திரண்டுவிடும். கத்தி விளிம்பு உடையத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். பவுடர் முறையில் அவை பொடிப்பொடியாக, சீராகப் பரவுகின்றன.

2021-ல் வந்த மேக்னாகட்டை வடிவமைத்தவர் உலோகவியலாளர் லாரின் தாமஸ். துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு நிறைய குரோமியம் வேண்டும். ஆனால் அதில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து பெரிய கார்பைடுகளாகி, ஸ்டீலின் உறுதியைக் குறைத்துவிடும். தாமஸ் குரோமியத்தை 10.7 சதவீதத்தில் நிறுத்தினார். வனேடியமும் நியோபியமும் கார்பைடு வேலையைப் பார்த்துக்கொள்ள, குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் வேலைக்குக் கிடைத்தது. துருவும் பிடிக்காது, எளிதில் சில்லு பெயரவும் செய்யாது.

இந்தச் செய்முறை காகிதத்தில் இருக்கிறது. பவுடர் ஸ்டீலில் எராஸ்டீல் புதுசும் இல்லை. பிளேடின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இரண்டு வேலைகள் ஸ்டீல் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் நடக்கின்றன.

முதல் வேலை: எச்.ஆர்.சி.

ஸ்டீலை எந்த அளவு சூடாக்கி, எப்படிக் குளிரவைத்து, எத்தனை டிகிரியில் மறுபடி பதம் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் கடினம் மாறும். அதை அளப்பது ராக்வெல் சி சோதனை. 120 டிகிரி வைரக் கூம்பை 150 கிலோ அழுத்தத்தில் ஸ்டீலில் பதிய வைத்து, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். ஒரு எண் வித்தியாசம் என்றால் ஆழத்தில் வெறும் 2 மைக்ரான். சுவிஸ் ஆர்மி கத்தி சுமார் 56. இரும்பு அராவும் அரம் 65-ஐ ஒட்டி வரும்.

அமெரிக்காவின் ஐடாஹோ மாகாணத்தில் உள்ள கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் 'செபென்ஸா' கத்தி நல்ல உதாரணம். விலை 400 டாலருக்கு மேல். நம்ம பணத்தில் 35 ஆயிரத்தைத் தாண்டும். எஸ்30வி ஸ்டீலை உருவாக்குவதில் க்ரூசிபிளோடு சேர்ந்து வேலை செய்ததே இந்த நிறுவனம்தான். ஆனாலும் தன் எஸ்30வி கத்திகளைப் பல ஆண்டுகள் 58-59 எச்.ஆர்.சி-யிலேயே வைத்திருந்தது. சாணை பிடிக்க எளிது, ஓரம் உடையாது என்பது அவர்கள் வாதம். இவ்வளவு காசுக்கு இவ்வளவு மென்மையா என்பது வாங்கியவர்களின் புலம்பல். மேக்னாகட்டுக்கு மாறியபோது 63-64 என்று ஏற்றிவிட்டார்கள்.

ஆக, 'மேக்னாகட்' என்று பொறித்த இரண்டு கத்திகளில் ஒன்று 60, இன்னொன்று 64 ஆக இருக்கலாம். பெயர் ஒன்று, வெட்டும் பொருள் வேறு.

இரண்டாவது வேலை: கிரைண்ட்

இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. ஒரு கேரட்டை எடுத்து தடிமனான மடக்குக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள். பாதியில் 'படக்' என்று பிளக்கும். கத்தி வெட்டவில்லை, ஆப்பு அடித்திருக்கிறது. பல பிரீமியம் கத்திகளின் முதுகு 3 முதல் 4 மில்லிமீட்டர். அதிலிருந்து விளிம்பு வரை எப்படிச் சரிகிறது என்பதுதான் கிரைண்ட். நேர்ச்சரிவாக இறங்கினால் ஃப்ளாட். ஸ்பைடர்கோவின் பல கத்திகள் இப்படித்தான். உள்பக்கம் குழிந்தால் ஹாலோ. செபென்ஸா இந்த வகை. வெளிப்பக்கம் லேசாக உப்பினால் கான்வெக்ஸ்.

பிரான்ஸின் ஓபினெல் கத்தி 1890 முதல் விற்பனையில் இருக்கிறது. மரப்பிடி, மலிவு விலை, எண்ணிலும் 60-ஐத் தொடாது. ஆனால் அதன் 8-ஆம் நம்பர் கத்தியின் பிளேடு 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆப்பிள் நறுக்கும் போட்டி வைத்தால் செபென்ஸாவின் மானம் போகும்.

அப்போ கடினமே வேண்டாமா? வேணும். விளிம்பை ஒல்லியாக்கி, சாணைக் கோணத்தையும் குறைத்தால் மென்மையான ஸ்டீல் மடங்கிவிடும், கடினமான ஸ்டீல் தாங்கும். 64 எச்.ஆர்.சி-க்குக் கொடுக்கும் காசு திரும்பிவருவது அங்கேதான். கூர் எத்தனை நேரம் நிற்கிறது என்று தாமஸ் செய்த சோதனைகளிலும், ஸ்டீலை மாற்றுவதைவிடக் கோணத்தைக் குறைப்பது பல சமயம் அதிகப் பலன் தந்தது.

அப்படியிருந்தும் சில நிறுவனங்கள் விளிம்புக்குப் பின்னால் 0.6, 0.7 மில்லிமீட்டர் தடிமனை விட்டுவைக்கின்றன. ஒல்லியாக வெட்டும் கத்திக்கு அதில் பாதி போதும். வாங்கியவர் கத்தியால் டப்பா மூடியை நெம்புவார், ஓரம் பெயரும், வாரன்டி கேட்டு வருவார். அந்தப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்டீல் பெயரைப் பெரிய எழுத்தில் போடுபவர்கள் இந்த அளவை எங்கேயும் போடுவதில்லை.

கடினத்தை வீட்டில் மாற்ற முடியாது, கோணத்தை மாற்றலாம். பக்கத்துக்கு 20 டிகிரியாக வந்த விளிம்பை 15-க்கு இறக்க பொறுமையும் நல்ல சாணைக்கல்லும் வேண்டும். சாதாரணக் கல் இந்த ஸ்டீல்களிடம் திணறும், ஏனென்றால் வனேடியம் கார்பைடு அந்தக் கல்லைவிடக் கடினம். கத்தி விலையோடு ஒரு வைரக் கல்லின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.